கூட்டாளிகள் சேர்ந்து முடிவெடுப்பது எப்படி? ஆரம்ப நிலை மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்துகொண்டிருந்தோம். ஏழாவது மாதம். கையில் ஐந்து வாடிக்கையாளர்கள், வங்கியில் நான்கு மாதச் செலவுக்குப் பணம். அப்போது கொஞ்சம் பெரிய ஆலை ஒன்று வந்து, சம்பளக் கணக்கையும் சேர்த்துத் தங்களுக்கு மட்டும் தனியாகச் செய்து கொடுத்தால் 18 லட்சம் தருவதாகச் சொன்னது. டீக்கடையில் நின்றபடியே பேசினோம். எனக்குச் சம்மதம். விற்பனை பார்க்கும் நண்பனுக்கு இரட்டைச் சம்மதம். கோட் எழுதும் நண்பன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "சரி, பாத்துக்கலாம்" என்றான்.

மூன்று மாத வேலை என்று நினைத்தது ஐந்து மாதம் இழுத்தது. அந்த ஐந்து மாதமும் எங்கள் சொந்த மென்பொருளில் ஒரு வரிகூட நகரவில்லை. பழைய வாடிக்கையாளர்களில் இருவர் விலகினார்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி வெடித்தது.

"நீயும் சரின்னுதானடா சொன்ன?"

"நான் எப்ப சரின்னேன்? பாத்துக்கலாம்னேன்."

அவன் சொன்னது உண்மைதான். "பாத்துக்கலாம்" என்றால் ஆமாம் என்றும் பொருள், இல்லை என்றும் பொருள், இந்தப் பேச்சை இப்போதைக்கு விடு என்றும் பொருள். நாங்கள் இருவரும் எங்களுக்கு வசதியான பொருளை எடுத்துக்கொண்டோம். அந்த ஆர்டரை ஏற்றது சரியா தப்பா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பணம் வராவிட்டால் கடையை மூடியிருப்போம். ஆனால் அதை ஏற்பதென்று முடிவு செய்தது யார் என்று கேட்டால் எங்கள் மூவரிடமும் பதில் இல்லை. சண்டை அதில்தான்.

நண்பர்கள் தொடங்கும் கம்பெனிகள் "எல்லாத்தையும் பேசி முடிவு பண்ணிக்கலாம்" என்றுதான் தொடங்குகின்றன. பேச்சு நடக்கும், முடிவும் நடக்கும், இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது. நடுவில் முகதாட்சண்யம் உட்கார்ந்திருக்கும். எதை முடிவு செய்வது என்பதற்கு முன்னால் யார், எப்படி முடிவு செய்வது என்பதைப் பேசிவிட வேண்டும். அதுவும் சண்டை வராத ஒரு நல்ல நாளில். இரண்டு முதல் நான்கு கூட்டாளிகள், பத்துப் பேருக்குள் ஊழியர்கள், வெளி முதலீடு இன்னும் வராத அல்லது இப்போதுதான் வந்த நிறுவனம் என்றால் கீழே உள்ள முறை உங்களுக்குப் பொருந்தும்.

படி 1: ஆளுக்கு எவ்வளவு இழக்க முடியும் என்று எழுதுங்கள்

ஆளுக்கொரு தாள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. நான்கு விஷயங்கள்: சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் ஓட்ட முடியும், கைக்காசு இன்னும் எவ்வளவு போட முடியும், வீட்டுக்கு மாதம் குறைந்தபட்சம் எவ்வளவு கொடுத்தாக வேண்டும், அடுத்த ஒன்றரை வருடத்தில் வீட்டில் வரப்போகும் பெரிய செலவு என்ன. எழுதி முடித்ததும் ஒரே நேரத்தில் தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்று ஆய்வாளரான சரஸ் சரஸ்வதி, அனுபவம் மிக்க 27 தொழில்முனைவோரிடம் ஒரு கற்பனைப் பொருளைக் கொடுத்து, அதை வைத்து எப்படித் தொழில் தொடங்குவீர்கள் என்று கேட்டார். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எவ்வளவு லாபம் வரும் என்ற கணக்கை அவர்களில் பெரும்பாலோர் முதலில் போடவில்லை. போனால் எவ்வளவு போகும், அதைத் தாங்க முடியுமா என்றுதான் பார்த்தார்கள். 2001-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் தாங்கக்கூடிய இழப்பு என்ற இந்தக் கருத்து முக்கியமான இடம் பெற்றது.

ஒருவர் மட்டும் நடத்தும் தொழிலில் இது சுலபம். கூட்டாளிகள் என்று வந்துவிட்டால் ஒவ்வொருவர் தாங்கும் அளவும் வேறு. எங்கள் தாள்களில் எனக்கு 10 மாதம். கோட் நண்பனுக்கு 18. மனைவிக்கு அரசு வேலை. விற்பனை நண்பனுக்கு 4 மாதம்தான். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். டீக்கடையில் அவன் காட்டிய இரட்டைச் சம்மதத்தில் ஒரு பாதி அந்தக் கல்யாணத்துக்கானது. முன்பே தெரிந்திருந்தால் அவனுக்கு மட்டும் சின்னச் சம்பளம் ஒன்றை ஒதுக்கிவிட்டு, ஆர்டரைத் தனியாக எடைபோட்டிருப்போம். சண்டைக்கு அப்புறம்தான் தாள் எழுதினோம்.

தாளில் உள்ள எண்களில் மிகச் சிறியதுதான் நிறுவனத்தின் எண். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் எழுதுங்கள். அப்புறம், "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று ஒரு கூட்டாளி சொன்னால் சிரிக்காதீர்கள். பங்கே இல்லாத பங்குதாரர் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்.

படி 2: எந்த விஷயத்தில் யார் தீர்ப்பு?

1976 ஏப்ரல் 1 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வாஸ்னியாக், ரொனால்ட் வெய்ன் மூவரும் ஆப்பிள் என்ற பெயரில் கூட்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டார்கள். பங்கு 45, 45, 10. வெய்ன் தன் 10 சதவீதத்தை 800 டாலருக்கு விட்டுக்கொடுத்த கதைதான் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த ஒப்பந்தத்தின் உள்ளே இருப்பதுதான் பிடிக்கும். மின்னணுப் பொறியியல் வாஸ்னியாக்கின் பொறுப்பு; ஜாப்ஸுக்கு அதிலும் ஒரு கை உண்டு, சந்தைப்படுத்தலும் அவருடையது; இயந்திரப் பொறியியலும் ஆவணங்களும் வெய்னுக்கு. 100 டாலருக்கு மேல் செலவு செய்ய இருவர் சம்மதம் வேண்டும். கம்பெனி ஆரம்பித்த நாளிலேயே இதெல்லாம் எழுத்தில் வந்துவிட்டது.

நீங்களும் ஒரு பக்கத்தில் மூன்று பத்திகள் போடுங்கள். ஒருவரே முடித்துவிட்டுத் தகவல் சொன்னால் போதும் என்பவை முதல் பத்தி. ஒருவர் முடிப்பார், ஆனால் மற்றவர்களைக் கேட்ட பிறகுதான் என்பவை இரண்டாவது. எல்லோரும் சம்மதிக்காமல் நடக்கவே கூடாதவை மூன்றாவது.

மூன்றாவது பத்தி சின்னதாக இருக்க வேண்டும். எங்களுடையதில் ஏழே வரிகள்: புதுப் பங்கு வெளியிடுவது அல்லது கடன் வாங்குவது, கூட்டாளி சேர்வது, விலகுவது, கூட்டாளிகளின் சம்பளம், தொழிலையே மாற்றுவது, யாராவது சொந்தப் பெயரில் ஜாமீன் கையெழுத்துப் போடுவது, எங்கள் மென்பொருளுக்கு வெளியே ஆறு வாரத்துக்கு மேல் கோட் எழுத வைக்கும் எந்த வேலையும். கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

முதல் பத்திக்கு ஒரு பண வரம்பு வையுங்கள். நிறுவனத்தின் ஒரு வாரச் செலவு எவ்வளவோ அதுவே நல்ல அளவு. எங்களுக்கு அப்போது 25 ஆயிரம்.

தகராறு வருவது நடுப் பத்தியில். கேட்பது என்றால் காது கொடுப்பது. தடுக்கும் உரிமையைக் கொடுப்பதல்ல. விலை வைப்பது விற்பனை நண்பனின் பொறுப்பு. சர்வர் செலவைக் காட்டி, இந்த விலை கட்டாது என்று கோட் நண்பன் சொல்வான். விற்பனை நண்பன் அதைக் கேட்டாக வேண்டும். கேட்ட பிறகும் தன் விலையையே வைக்கலாம். "நான் சொன்னேன், அவன் கேக்கல" என்ற புலம்பலில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவது. எந்த வரிக்கும் எதிரே ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். "ரெண்டு பேரும் பாத்துப்பாங்க" என்று விட்ட வேலையை யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

விசிட்டிங் கார்டில் சிஇஓ என்று போட்டிருப்பவருக்குத்தான் எல்லாத் தீர்ப்பும் என்று முடிவு செய்தாலும் தப்பில்லை. ஆனால் அதையும் எழுதுங்கள்.

படி 3: சரிபாதியாகப் பிரிந்தால் என்ன செய்வது?

வெய்னுக்கு 10 சதவீதம் கொடுத்ததே இதற்காகத்தான். இரண்டு ஸ்டீவ்களும் முட்டிக்கொண்டால் வயதில் மூத்தவரான அவர் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடு, 12 நாள்தான் நீடித்தது. கடையொன்று 50 கம்ப்யூட்டருக்கு ஆர்டர் கொடுக்க, ஜாப்ஸ் உதிரிபாகங்களைக் கடனுக்கு வாங்கத் துணிந்தார். அது கூட்டு நிறுவனம், லிமிடெட் கம்பெனி அல்ல. கடன் மூவர் தலையிலும் தனித்தனியாக விழும். மூவரில் சொத்து என்று ஏதோ வைத்திருந்தவர் வெய்ன். முன்பே ஒரு தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர் வேறு. பஞ்சாயத்துச் சொல்ல உட்கார்ந்தவர் தலையிலேயே கடன் விழும் என்றால் அவர் எழுந்துதான் போவார்.

நம் ஊரில் இரண்டு நண்பர்கள் சேர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு 50:50. பாசத்தில் வரும் கணக்கு அது. சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு இயக்குநர்கள். 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தோடு வரும் மாதிரி விதிகளில், இயக்குநர் குழுவில் வாக்குகள் சமமானால் தலைவராக இருப்பவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு என்று ஒரு வரி இருக்கிறது. ஆடிட்டர் கொடுத்த டெம்ப்ளேட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோமே, அதில் இந்த வரி இருக்கும். யாரையாவது தலைவர் என்று போட்டிருந்தால், உங்களுக்கே தெரியாமல் உங்களில் ஒருவருக்கு ஒன்றுக்கு இரண்டாக வாக்கு வந்துவிட்டது. இன்று போய் எடுத்துப் படியுங்கள்.

பங்குதாரர் கூட்டம் தனிக் கதை. அங்கே சாதாரணத் தீர்மானம் நிறைவேற எதிர்ப்பைவிட ஆதரவு அதிகமாக இருந்தால் போதும். சரிபாதியில் அதுவும் நடக்காது. சிறப்புத் தீர்மானத்துக்கு எதிர்ப்பைப்போல் மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். பங்கின் அளவில் வாக்கை எண்ணினால், 26 சதவீதம் வைத்திருப்பவர் ஒருவரே அதை நிறுத்திவிடலாம்.

எல்எல்பி, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம், தொடங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதாமல் விட்டதையெல்லாம் 2008-ம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை நிரப்பிக்கொள்ளும். அதன்படி ஆளுக்கொரு வாக்கு, பெரும்பான்மை முடிவு, லாபமும் நஷ்டமும் சமமாக. ஒருவர் 20 லட்சம் போட்டு மற்றவர் 2 லட்சம் போட்டிருந்தாலும் அதே கணக்குதான். தொழிலின் தன்மையை மாற்றவோ புதுக் கூட்டாளியைச் சேர்க்கவோ எல்லோர் சம்மதமும் வேண்டும்.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? விஷயம் இரண்டாவது பத்தியில் இருந்தால் பிரச்சினையே இல்லை. யார் பெயர் இருக்கிறதோ அவர் சொல்வதுதான். மூன்றாவது பத்தி என்றால் மூன்று நாள் ஆறப்போட்டு மறுபடி பேசுங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் வெளியாள் ஒருவர். அவர் பெயரை இன்றே எழுதி வையுங்கள். சண்டை வந்த பிறகு தேடினால் ஆளுக்கொரு பெயர் சொல்வீர்கள். பங்கு இல்லாதவர், யாருக்கும் சொந்தக்காரர் அல்லாதவர், உங்கள் இருவரையும் திட்டக்கூடியவர் என்றால் உத்தமம். சின்ன விஷயங்களுக்குப் பூவா தலையா போட்டுவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். லோகோவின் நிறத்துக்காக எங்கள் மூவரின் மூன்று மாலைகள் போனது இன்னும் உறுத்துகிறது.

படி 4: சிலேட்டா, கல்வெட்டா?

சில முடிவுகள் சிலேட்டில் எழுதியவை. எச்சில் தொட்டு அழித்துவிடலாம். சில கல்வெட்டு. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2015-ம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் இதையே கதவை வைத்துச் சொன்னார்: போய்ப் பார்த்துத் திரும்பி வரக்கூடிய கதவு, போனால் திரும்ப முடியாத கதவு. பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் இரண்டாவது வகையாக நினைத்து மந்தமாகிவிடுகின்றன என்பது அவர் கவலை. நான் பார்த்தவரை சின்ன நிறுவனங்களின் நோய் நேர் எதிரானது. பட்டன் எங்கே வைப்பது என்று ஒரு வாரம் பேசுவோம்; பங்கைப் பிரிப்பதை ஒரு பிரியாணி முடிவதற்குள் முடித்துவிடுவோம்.

புது வாடிக்கையாளருக்கான விலை, வெப்சைட் வாசகம், எந்த ஊரில் முதலில் விற்பது எல்லாம் சிலேட்டு. பங்குப் பிரிவினை, சொந்த ஜாமீன், தகவலைச் சேமிக்கும் அடிப்படை வடிவம் எல்லாம் கல். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி டேட்டாபேஸா, எல்லோருக்கும் பொதுவா என்பதை முதல் மாதத்தில் ஒருவர் ஒரு மதியத்தில் தீர்மானிப்பார். நூறு வாடிக்கையாளர் வந்த பிறகு அதை மாற்றுவதென்றால் மாதக்கணக்கில் வேலை. ஆள் எடுப்பது சிலேட்டு மாதிரி தெரியும், ஆனால் இல்லை. சென்னையில் அனுபவமுள்ள டெவலப்பர் பலருக்கு நோட்டீஸ் காலமே மூன்று மாதம். ஆஃபர் கொடுத்து, காத்திருந்து, சேர்ந்து, சரிவராது என்று தெரிவதற்குள் அரை வருடம் போய்விடும்.

சிலேட்டு என்றால் அன்றே முடியுங்கள். கல் என்றால் இரண்டு ராத்திரியாவது தூங்கி எழுங்கள். எது எந்த வகை என்பதிலேயே கருத்து வேறுபட்டால் கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: முதலில் எழுத்து, அப்புறம் பேச்சு

மூன்று பேர் பேசும்போது முதலில் பேசியவர் பக்கம் பேச்சு சாயும். கூட்டாளிகளில் ஒருவர் கல்லூரி சீனியராக இருந்துவிட்டால் இன்னும் மோசம். "அண்ணா" என்று கூப்பிட்ட வாயால் "இல்லை" என்று சொல்ல வராது. அமேசானில் 2004-லிருந்து மூத்த நிர்வாகிகள் கூட்டத்தில் பவர்பாயிண்ட் கிடையாது. ஆறு பக்கம் வரை எழுதிய குறிப்பை எல்லோரும் மௌனமாகப் படித்த பிறகே பேச்சு தொடங்கும். நமக்கு ஆறு பக்கமெல்லாம் வேண்டாம், ஒரு பக்கம் போதும்.

எங்களுடைய ஒரு குறிப்பை அப்படியே தருகிறேன்.

"கேள்வி: ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே தருபவர்களுக்கு 20 சதவீதம் தள்ளுபடி தரலாமா? முடிப்பவர்: விற்பனை. இப்போது மாதம் 4,000, ஆண்டுக்கு 48,000. தள்ளுபடி போக 38,400. பத்துப் பேர் வந்தால் கைக்கு உடனே 3,84,000. ஆண்டு முழுவதுமாகப் பார்த்தால் இழப்பது 96,000. வழிகள்: ஒன்று, 20 சதவீதம். இரண்டு, இரண்டு மாதம் இலவசம். மூன்று, ஒன்றும் செய்யாமல் இருப்பது. என் பரிந்துரை: முதல் வழி."

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி என்று கட்டாயம் எழுதுங்கள். படித்த பிறகு, பேசுவதற்கு முன், ஒவ்வொருவரும் தன் முடிவையும் ஒரே ஒரு காரணத்தையும் தாளில் எழுத வேண்டும். அன்று கோட் நண்பன் எழுதியது: "ஆண்டுப் பணம் வாங்கிவிட்டால் பழைய பதிப்பை ஒரு வருடத்துக்கு நிறுத்த முடியாது. நாம் மூடினால் மீதியைத் திருப்பித் தர வேண்டும்." எங்கள் இருவருக்கும் இது தோன்றவே இல்லை. வாய்ப்பேச்சில் அவன் இதைச் சொல்லியிருக்க மாட்டான். கடைசியில் தள்ளுபடியைக் கொடுத்தோம். ஆனால் அந்தப் பணத்தில் பாதியைத் தொடாமல் தனிக் கணக்கில் வைத்தோம்.

கல்வெட்டு முடிவுகளுக்கு இன்னொரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். உளவியலாளர் கேரி க்ளைன் 2007-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் விளக்கிய முறை இது. ஒரு வருடம் கழித்து இந்த முடிவு படுதோல்வி ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஆளாளுக்கு எழுத வேண்டும். நம்மவர்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. "உன் யோசனை தப்பு" என்று நண்பனின் முகத்துக்கு நேரே சொல்ல வராதவர்கள்கூட, நடந்து முடிந்த விபத்துக்குக் காரணம் கேட்டால் பத்துச் சொல்வார்கள்.

படி 6: உங்கள் "சரி" எத்தனை விரல்?

பேசி முடித்ததும் சா பூ த்ரீ போடுவதுபோல் எல்லோரும் ஒரே நேரத்தில் விரலைக் காட்டுங்கள். ஐந்து என்றால் முழுச் சம்மதம். நான்கு, சின்ன உறுத்தல் உண்டு. மூன்று, எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தடுக்க மாட்டேன், வேலையும் செய்வேன். இரண்டு, இன்னதை மாற்றினால் வருகிறேன். ஒன்று, தடுக்கிறேன்.

இரண்டாவது பத்தி விஷயங்களில் விரல் வெறும் தகவல்தான். முடிப்பவர் பார்த்துவிட்டு முடிப்பார். மூன்றாவது பத்தியில் எல்லோரும் மூன்றோ அதற்கு மேலோ காட்டாமல் நகரக் கூடாது. இரண்டு காட்டியவர் எதை மாற்ற வேண்டும் என்று அங்கேயே சொல்ல வேண்டும். நாங்கள் இதைத் தொடங்கிய அன்று கோட் நண்பன் வெள்ளைப் பலகையில் போய் ஒரு வரி எழுதினான்: "பாத்துக்கலாம் = 2". இன்னும் அழிக்கவில்லை.

மூன்று விரலைத்தான் பலர் தோல்வியாக நினைக்கிறார்கள். பெசோஸ் 2016-க்கான கடிதத்தில், தனக்கு உடன்பாடில்லாத ஒரு அமேசான் ஸ்டுடியோஸ் படைப்புக்குத் தன் குழு சம்மதம் கேட்டபோது, உடன்படவில்லை ஆனாலும் முழுதாகக் கூட நிற்கிறேன் என்று பதில் எழுதியதைச் சொல்கிறார். கூட நிற்பது என்றால் ஊழியர் முன்னால் முகம் சுளிக்காமல் இருப்பதும் சேர்த்துத்தான். "அப்பவே சொன்னேன்" என்ற சொல்லுக்கு எங்களிடம் 90 நாள் தடை உண்டு. அதற்குள் யாராவது சொன்னால் அன்றைய டீ அவர் செலவு. நிறைய டீ நான்தான் வாங்கியிருக்கிறேன்.

படி 7: முடிவேடு

ஒரு கூகுள் டாக் போதும், நோட்டுப் புத்தகமும் போதும். தேதி, என்ன முடிவு, யார் முடித்தது, காரணம், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம், யார் மறுத்தார், எப்போது திரும்பிப் பார்ப்பது. ஏழு வரிகளுக்கு மேல் போனால் யாரும் எழுத மாட்டார்கள். எதிர்பார்ப்பை எண்ணாக எழுதுங்கள். "நல்லா போகும்" என்று எழுதினால் எது நடந்தாலும் நல்லாப் போன மாதிரியே தெரியும்.

வாட்ஸ்அப்பில் பேசலாம், முடிவு செய்யக் கூடாது. ராத்திரி 11:40-க்கு வந்த கட்டைவிரல் சம்மதம் ஆகாது. இரண்டு நீல டிக் அதைவிடவும் ஆகாது. இந்த ஏடு இயக்குநர் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்புக்கு மாற்று அல்ல. அது சட்டப்படி 30 நாளுக்குள் பதிவாக வேண்டியது. ஆடிட்டரோ கம்பெனி செகரட்டரியோ பார்த்துக்கொள்வார்.

படி 8: நிறுத்தும் கோட்டை முன்பே போடுங்கள்

சேர்ந்து எடுக்கும் முடிவுகளில் கஷ்டமானது கைவிடுவது. ஒருவர் "விட்டுடலாமா" என்று கேட்டாலே மற்றவருக்குத் துரோகம்போல் கேட்கும். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் கூட்டாளிகளும் கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை வருடக்கணக்கில் கட்டினார்கள். ரசிகர்கள் இருந்தார்கள், தொழிலாக ஓடும் அளவுக்கு இல்லை. 2012 நவம்பரில், கையில் பணம் மீதி இருக்கும்போதே, மூடுவதாக அறிவித்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்கள் செய்துவைத்திருந்த கருவிதான் அடுத்த ஆண்டு ஸ்லாக் என்று வெளியே வந்தது. பணம் முழுக்கத் தீர்ந்த பிறகு மூடியிருந்தால் அந்தக் கருவியை எடுத்துச் செய்ய ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

எனவே தொடங்கும்போதே எழுதுங்கள்: இந்தத் தேதிக்குள் இத்தனை பேர் பணம் கட்டி வாங்காவிட்டால் நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுவோம். கோட்டைத் தள்ளிப்போடலாம், ஒரே ஒருமுறை, எல்லோரும் மூன்று விரலுக்குக் குறையாமல் காட்டினால்.

கூட்டாளி விலகுவதற்கும் கோடு வேண்டும். பங்கு நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், முதல் ஆண்டு முடிவதற்குள் போனால் ஒன்றுமில்லை என்பது பரவலான வழக்கம். ஸ்னாப்சாட் தொடங்கிய காலத்தில் கூட இருந்து விலக்கப்பட்ட ரெஜி பிரவுன் பிறகு வழக்குப் போட்டார், அவருக்கு 15.75 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது 2017-ல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோதுதான் வெளியே தெரிந்தது. உங்கள் தொகை இவ்வளவு பெரிதாக இருக்காது. மனக்கசப்பு அதே அளவுதான் இருக்கும்.

படி 9: வெளிப்பணம் வந்த பிறகு

முதலீட்டாளர் தரும் நிபந்தனைத் தாளான டெர்ம் ஷீட்டில், அவர் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல் வரும். புதுப் பங்கு, கடன், தொழில் மாற்றம், நிறுவனர் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். இதுவரை உங்களுக்குள் இருந்த மூன்றாவது பத்திக்குள் இன்னொருவர் வந்து உட்காருகிறார். எல்லோரும் மதிப்பீட்டுத் தொகையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இந்தப் பட்டியலைப் பாருங்கள், உங்கள் பக்கத்தை அருகில் வைத்துக்கொண்டு. எந்த வரி உங்கள் முதல் பத்தியிலிருந்து அவர் பட்டியலுக்குத் தாவியிருக்கிறது என்று குறியுங்கள். பதில் சொல்ல அவருக்கு எத்தனை நாள், பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளலாமா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

எங்களுக்கு வந்ததில் 22 வரிகள். ஒரு குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் ஆள் எடுப்பதும் அதில் ஒன்று. அந்தச் சம்பளத்துக்கு நல்ல டெவலப்பர் ஒருவரும் வர மாட்டார். விற்பனை நண்பன் படித்துவிட்டு நான்கு விரல் காட்டினான். நான் மூன்று. கோட் நண்பன் தாளைக் கீழே வைத்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினான், எந்தெந்த வரிகள் என்றும் சொன்னான். மொத்தம் ஏழு. மறுநாள் காலை வக்கீலைப் பிடித்து அந்த ஏழையும் மாற்றிக் கேட்டோம். நான்கு மாறியது. திரும்ப விரல் போட்டோம். அவன் மூன்று காட்டினான். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.